காயில் ஓடுது, லேமினேட் சூடாகலையா? இண்டக்‌ஷன் வெல்டிங் சிமுலேஷன் செய்முறை

கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 விமானத்தின் ரடரிலும் எலிவேட்டரிலும் (வாலில் அசையும் பாகங்கள்) கார்பன் ஃபைபர்-பிபிஎஸ் (சூட்டில் உருகும் பிளாஸ்டிக்) பாகங்களை இண்டக்‌ஷன் முறையில்தான் வெல்டிங் செய்தார்கள். அதாவது, பக்கத்தில் வைத்த காயிலில் மாறு மின்னோட்டம் விட்டால் கார்பன் ஃபைபரில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகி ஒட்டும். அதே சங்கதியைக் கம்ப்யூட்டரில் செய்து பார்ப்போம். காம்சால் சிமுலேஷன் மென்பொருள் இருந்தால் சுலபம், ஆனால் காசு. நான் ஜிமெஷ் (வடிவத்தைச் சின்னக் கட்டங்களாக, அதாவது மெஷ்ஷாகப் பிரிப்பது), எல்மர் (கணக்கைத் தீர்ப்பது) இரண்டோடு ஓட்டிவிடுகிறேன், இலவசம்.

முதலில் காயில், ஒட்ட வேண்டிய இரண்டு லேமினேட் (ஃபைபர் லேயர்களை அடுக்கிய தகடு), சுற்றிலும் தாராளமாகக் காற்றுப்பெட்டி என்று வரையுங்கள். 300 கிலோஹெர்ட்ஸில் காயில் செம்பின் மேல்தோல் 0.12 மி.மீ. ஆழத்தில்தான் மின்னோட்டம் ஓடும், அங்கே மெஷ் பொடியாக இருக்கட்டும்.

அடுத்தது மெட்டீரியல். நான் கவிழ்ந்த இடம் இதுதான். ரெசின் (ஃபைபரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்) மின்சாரம் கடத்தாதே என்று தடிமன் திசையில் கடத்துதிறனைப் பூஜ்யமாகப் போட்டேன். 0/90 யூடி லேமினேட் (ஒவ்வொரு லேயரிலும் ஃபைபர் ஒரே திசை, அடுத்த லேயரில் அதற்குக் குறுக்கே), 60 விநாடி ஓட்டியும் ஒரு டிகிரி ஏறவில்லை, இரண்டு நாள் காயிலையே திட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் என்னவென்றால், 0 லேயரில் ஃபைபர் நெடுகப் போகும் மின்னோட்டம் வளையமாகத் திரும்ப வேண்டுமானால் கீழே இருக்கும் 90 லேயருக்கு இறங்கியாக வேண்டும். அந்த வழியை நானே அடைத்துவிட்டேன். நிஜத்தில் ஃபைபர்கள் அங்கங்கே தொட்டுக்கொண்டுதான் கிடக்கும். ஃபைபர் திசையில் மீட்டருக்குப் பல்லாயிரம் சீமென்ஸ் என்றால் தடிமன் திசையில் சில சீமென்ஸ், மிஞ்சினால் சில பத்து. இதை எங்கிருந்தோ காப்பியடிக்காதீர்கள். ஒரு துண்டு வெட்டி, மேல் ரெசினை உப்புத்தாளால் தேய்த்து, இருபுறமும் சில்வர் பெயின்ட் பூசி, நான்கு முனை வைத்து அளந்துவிடுங்கள். லேயர்களையும் தனித்தனியாக வரையுங்கள், சராசரி எடுத்து ஒரே கட்டியாக்கினால் லேயர்களுக்கு நடுவே உண்டாகும் சூடு காணாமல் போகும்.

அப்புறம் தீர்வு. மின்காந்தப் பகுதியை நொடி நொடியாக நகர்த்தி ஓட்டாதீர்கள், மின்னோட்டத்தின் ஒரு சுற்றே 3 மைக்ரோவிநாடிதான், விடிந்துவிடும். ஹார்மோனிக்காக (ஒரே அதிர்வெண்ணில் சீராக ஆடும் அலையாக வைத்து) தீர்த்து, வரும் சூட்டை மட்டும் வெப்பக் கணக்குக்குக் கொடுங்கள். பிபிஎஸ் 280 டிகிரி வாக்கில் உருகும், ஒட்டும் பரப்பு முழுக்க அதைத் தாண்ட வேண்டும். ஓரம் மட்டும் கொதித்தால் பயப்படாதீர்கள், சுழல் மின்னோட்டம் விளிம்பில் நெருக்கியடிப்பது நிஜத்திலும் உண்டு.

பின்சேர்க்கை: "பரிசோதனையைவிட வேகமா சூடாகுதே" என்று இரண்டு பேர் கமெண்டில் கேட்டிருந்தீர்கள். ஹார்மோனிக் தீர்வில் கொடுப்பது உச்ச மின்னோட்டம், உங்கள் மீட்டர் காட்டுவது பெரும்பாலும் ஆர்எம்எஸ் (அதே சூட்டைத் தரும் நேர் மின்னோட்ட அளவு). மீட்டர் அளவை 1.414-ஆல் பெருக்கி உச்சமாகக் கொடுத்தது சரிதான், ஆனால் சூட்டைக் கையால் கணக்கிடும்போது பாதியாக்க மறந்திருக்கிறீர்கள், அதனால்தான் சரியாக இரண்டு மடங்கு வருகிறது.