வி. டேவிட்டைப் பற்றி எழுத உட்காரும் பிள்ளைகளுக்கு

என் அப்பா கோலாலம்பூரில் பஸ் ஓட்டியவர். செந்தூலில் எங்கள் வீட்டு அலமாரியில், ஒரு மைலோ டின்னுக்குள், அவருடைய யூனியன் சந்தா அட்டை இன்னும் இருக்கிறது. மாதாமாதம் கையொப்பம், இரண்டு மாதம் மட்டும் காலி. அப்போது அம்மாவுக்குப் பிரசவம், கையில் காசில்லை.

போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தை நடத்திய வி. டேவிட்டைப் பற்றி எழுதக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இந்த அட்டையைத்தான் நீட்டுவேன். 1932-ல் பிறந்தார், 1959-ல் நாடாளுமன்றம் போனார் என்று தொடங்கினால் மனிதர் பிடிபடமாட்டார். சங்கத்திலிருந்து தொடங்குங்கள்.

பெரியவர்களிடம் போய் “டேவிட் எப்படிப்பட்டவர்?” என்று கேட்காதீர்கள். “நல்ல மனுசன்” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அன்றைக்குச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் கிடைத்ததா, வேலையை விட்டு நிறுத்தினால் யாரிடம் ஓடினீர்கள் என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

அடுத்தது ஹன்சார்ட், அதாவது நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவேடு. 1959 முதல் நாடாளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலும் ஆங்கிலம். தொகுதிப் பெயரை வைத்துத் தேடுங்கள். அவருடைய முதல் தொகுதியான பங்சாரை ஆங்கிலத்தில் எழுதும்போது அன்று ‘ஏ’ எழுத்துக்குப் பதில் ‘யு’ போட்டார்கள் (Bungsar). இது தெரியாமல் நான் ஒரு மாலைப்பொழுதையே வீணாக்கினேன். 1969 மே முதல் 1971 பிப்ரவரி வரை தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவர் வாய் திறக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். அவசரகாலத்தில் நாடாளுமன்றமே கூடவில்லை.

தொகுதிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: சோஷலிச முன்னணியில் பங்சார், 1969-ல் கெராக்கான் கட்சி சார்பில் பினாங்கின் டத்தோ கெராமாட், பிறகு ஜனநாயக செயல் கட்சியில் (ஜ.செ.க.) 1978-ல் டாமன்சாரா, 1986-ல் பூச்சோங். ஆனால் 1964 தோல்வியைத் தாண்டிப் போகாதீர்கள். பங்சாரில் அவரை வென்ற தேவன் நாயரும் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். இரண்டு தொழிற்சங்கக்காரர்கள் ஒரே தொகுதியில் மோதினார்கள். அந்தப் பிரச்சாரம் எப்படி நடந்தது என்று தேசிய நூலகத்தில் பழைய தமிழ் நேசன் நாளிதழ்ப் பிரதிகளைப் புரட்டிப் பாருங்கள்.

1987-ல் ஓப்பராசி லாலாங் என்ற போலீஸ் கைது நடவடிக்கையில் அவரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். அதை எழுதும்போது அடைமொழி வேண்டாம். நாள், சட்டம், வெளியே வந்த நாள் என்று எழுதினாலே நெஞ்சு கனக்கும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் பழைய சங்க உறுப்பினர் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். “இல்லப்பா” என்று அவர் இடைமறிக்கிற இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, திரும்ப நூலகத்துக்குப் போங்கள்.