வெள்ளிக்கிழமை வரையா, வெள்ளிக்கிழமைக்குள்ளா? குழப்பும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் உருபைக் கொண்டு பிரிப்பது எப்படி

அலுவலகக் கடிதங்களை மொழிபெயர்ப்பதும், பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்துவதும் என் பிழைப்பு. என் சிவப்பு மை அதிகம் செலவாவது ‘பை’, ‘அன்டில்’, ‘சின்ஸ்’, ‘ஃபார்’ போன்ற பொடிச் சொற்களில்தான். இவற்றில் தடுமாறுகிறவர்கள் உடனே அகராதியைப் புரட்டுகிறார்கள். அகராதியோ ‘லுக்’, ‘சீ’, ‘வாட்ச்’ மூன்றுக்கும் ‘பார்’ என்று போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறது.

நான் சொல்லும் வழி இது. எழுத நினைத்ததை முதலில் தமிழில் முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். பிறகு, தடுமாற வைக்கும் இடத்தில் இருக்கும் தமிழ்ச் சொல்லின் வாலில் என்ன உருபு (‘க்குள்’, ‘வரை’ போன்ற ஒட்டு) இருக்கிறது என்று கவனியுங்கள். அகராதி காட்டாத வேறுபாட்டைப் பெரும்பாலும் அந்த வால் காட்டிவிடும்.

‘பை’யும் ‘அன்டில்’லும் பணம் காசு விஷயத்தில் வம்பு இழுக்கக்கூடியவை என்பதால் அவற்றிலிருந்து தொடங்குகிறேன். அண்மையில் திருத்திய ஒரு கடிதத்தில் “அறிக்கையை அன்டில் வெள்ளிக்கிழமை அனுப்புங்கள்” என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. ஆங்கிலம் அறிந்தவர் காதில் இது, வெள்ளிக்கிழமை வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருங்கள் என்று ஒலிக்கும். எழுதியவர் நினைத்தது ‘வெள்ளிக்கிழமைக்குள்’. ‘க்குள்’ வந்தால் ‘பை’. ‘வரை’ வந்தால் ‘அன்டில்’. பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம், தமிழில் ‘வரை’யை நாம் கொஞ்சம் தாராளமாகப் புழங்குவது. “31-ஆம் தேதி வரை விண்ணப்பிக்கலாம்” என்றுதான் அறிவிப்புகளில் எழுதுகிறோம். இங்கே உருபை மட்டும் நம்பாமல் வினையையும் பாருங்கள். விண்ணப்பங்களைப் பெறுவது அந்தத் தேதி வரை நீடிக்கும் செயல். அலுவலகத்தின் பக்கம் நின்று அதைச் சொன்னால் ‘அன்டில்’ சரி. நீங்கள் விண்ணப்பத்தைக் கொடுப்பதோ ஒரே தடவையில் முடிகிற வேலை, அதற்கு ‘பை’. கடையைத் திறந்து வைப்பது, காத்திருப்பது, தங்குவது எல்லாம் நீடிப்பவை. அனுப்புவது, செலுத்துவது, முடிப்பது எல்லாம் ஒரே வெட்டு.

‘க்குள்’ளிலும் ஒரு கிளை உண்டு. அதற்கு முன்னால் கடிகாரமோ காலண்டரோ காட்டும் புள்ளி இருந்தால், அதாவது 5 மணிக்குள், திங்கட்கிழமைக்குள் என்றால், ‘பை’. நீளம் இருந்தால், அதாவது 3 நாட்களுக்குள் என்றால், ‘விதின்’. எதிர்காலத்தைப் பற்றி ‘இன் 3 டேஸ்’ என்று ஒருவர் எழுதினால், பெரும்பாலும் இன்றிலிருந்து மூன்று நாள் கழித்து என்றே கொள்ள வேண்டும். கெடு வைத்து எழுதும்போது அதைத் தொடாமலிருப்பது நல்லது.

எதிர்மறையில் இன்னும் எச்சரிக்கை தேவை. “வெள்ளிக்கிழமை வரை அனுப்பவில்லை” என்று தமிழில் சொன்னால், பிறகு அனுப்பினாரா இல்லையா என்பது தெரியாது. ஆங்கிலத்தில் ‘டிட் நாட் செண்ட் அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டார் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். அதைத் தமிழாக்கும்போது “வெள்ளிக்கிழமைதான் அனுப்பினார்” என்று எழுதுவேன்.

அடுத்தது ‘சின்ஸ்’, ‘ஃபார்’. ‘இரண்டு ஆண்டுகளாக’ என்று ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’. ‘2020 முதல்’, ‘2020-இலிருந்து’ என்று வந்து, செயல் இன்றும் தொடர்ந்தால் ‘சின்ஸ்’. ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று எழுதுவதற்கு இனிச் சாக்கு இல்லை. ஆனால் ‘நாளை முதல்’ என்பதற்கோ, ‘1-ஆம் தேதி முதல் 10-ஆம் தேதி வரை’ என்பதற்கோ ‘சின்ஸ்’ ஒத்துவராது; அங்கே ‘ஃப்ரம்’. வினையிலும் ஒரு கண் வையுங்கள். தமிழில் “இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன்” என்று நிகழ்காலத்தில் நிம்மதியாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் அங்கே ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ கேட்கும்.

‘பார்’ குடும்பத்துக்கு உருபு உதவாது, மரபுத்தொடர் உதவும். ‘கண்ணில் பட்டது’ என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் ‘சீ’. ‘திரும்பிப் பார்த்தேன்’, ‘உற்றுப் பார்த்தேன்’ என்றால் ‘லுக் அட்’. ஓடுகிற, நகர்கிற ஒன்றைப் ‘பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்றால் ‘வாட்ச்’. இதே கணக்கில், காதில் விழுந்தால் ‘ஹியர்’, காது கொடுத்துக் கேட்டால் ‘லிசன் டு’.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’. ஓர் ஒற்றை ‘எ’ வாக்கியத்தின் மனநிலையையே மாற்றுகிறது. “சிலர் வந்தார்கள்” என்றால் ‘எ ஃபியூ’. பரவாயில்லை, ஆள் இருந்தது. “சிலரே வந்தார்கள்” என்றால் ‘ஃபியூ’. கூட்டம் சேரவில்லை என்ற குறை தொனிக்கிறது. ஆங்கிலம் ஒரு ‘எ’யை எடுத்துச் செய்வதைத் தமிழ் ஓர் ஏகாரத்தைச் சேர்த்துச் செய்கிறது. தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில் ஒன்றான பிரிநிலைதான், அதாவது ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதுதான், இது. ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ இரண்டையும் இப்படியே பிரிக்கலாம்: கொஞ்சமே, கொஞ்சம்.

‘சே’, ‘டெல்’ இரண்டையும் ஒரே வரியில் முடித்துவிடலாம். கேட்டவரைக் குறிக்கும் சொல் வினையை ஒட்டியே வந்தால் ‘டெல்’, வராவிட்டால் ‘சே’. பொய், உண்மை, கதை மூன்றும் ஆள் இல்லாமலும் ‘டெல்’லோடுதான் சேரும்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. ‘மேக்’, ‘டூ’ இரண்டுக்கும் நம்மிடம் ‘செய்’தான், எந்த உருபும் காப்பாற்றாது. ‘மேக்’ என்றால் மிஸ்டேக், டிசிஷன், எஃபர்ட். ‘டூ’ என்றால் ஹோம்வொர்க், ஃபேவர், டேமேஜ். இணை இணையாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. இதற்கு விதி சொல்கிறேன் என்று வருபவர்களை நான் நம்புவதில்லை.

தமிழே தடுக்கி விடும் இடங்கள் அதைவிட மோசம். பாடத்தில் சந்தேகம் என்று நாம் கேட்பது உண்மையில் விளக்கம். அதை ‘டவுட்’ என்று எழுதினால், வெளிநாட்டு வாசகருக்கு நீங்கள் அவரை நம்பவில்லை என்று படலாம். ‘கொஸ்டின்’ என்று எழுதுங்கள். “தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்” என்பது தமிழில் பணிவான முடிப்பு. அதையே ‘எக்ஸ்பெக்ட்’ போட்டு எழுதினால் மேலதிகாரி கீழே இருப்பவருக்கு விடுத்த உத்தரவு போலாகிவிடும். பதில் தர வேண்டிய கடமை அவருக்கு இருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு’ போதும். அந்த ‘டு’வுக்குப் பிறகு வினை வந்தால் ‘ஹியர்’ கூடாது, ‘ஹியரிங்’ என்று எழுத வேண்டும்.