எடோ தெருவைப் படத்தில் பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு கடைத்தெரு. இரண்டு பக்கமும் எச்சிகோயா ஜவுளிக்கடை. வாசலில் தொங்கும் துணித்திரைகளில் கடையின் உரிமையாளர்களான மிட்சுய் குடும்பத்தின் முத்திரை. நடுவே ஜனநடமாட்டம். தெருக்கோடியில், மேகத்துக்கு மேலே, ஃபுஜி மலை. டோக்கியோ இன்னும் எடோவாக இருந்த 1856-இல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே வரைந்த ‘சுருகா-சோ’ மர அச்சுப் படம் இது. ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ வரிசையைச் சேர்ந்தது. (பெயரில்தான் நூறு, எண்ணினால் தாண்டும்.)

பலரும் இதைப் புகைப்படம் மாதிரி நம்பிவிடுகிறார்கள். அந்தத் தெருவிலிருந்து ஃபுஜி தெரிந்தது உண்மை. ஆனால் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலை இவ்வளவு பெரிதாக நிற்காது. நடுவில் மேகத்தைப் போட்டு, இடையில் இருந்த ஊரையெல்லாம் ஹிரோஷிகே மறைத்துவிட்டார். 1855 நவம்பரில்தான் பெரிய பூகம்பமும் தீயும் எடோவைச் சிதைத்திருந்தன. இங்கே இடிந்த சுவர் ஒன்றுகூட இல்லை. அதற்காக எல்லாமே கற்பனை என்றும் ஒதுக்கக் கூடாது. கடை நிஜம், முத்திரை நிஜம். அந்த முத்திரை இத்தனை தடவை கண்ணில் படுவதைப் பார்த்தால் எனக்குப் பாதி விளம்பரமாகவே தோன்றுகிறது.

ஜப்பானியப் படம் என்றாலே தட்டையாக இருக்கும் என்பது இன்னொரு தப்பான எண்ணம். கூரை விளிம்புகளைப் பாருங்கள், எல்லாம் தெருக்கோடியை நோக்கிக் குவிகின்றன. அதே ஆண்டு வந்த, கபுகி நாடக அரங்குகள் இருந்த சருவாகா-மாச்சியின் இரவுக் காட்சியில் நிலா வெளிச்சத்தில் ஆட்களின் நிழல்கூடத் தரையில் விழுகிறது. மேற்கத்திய முறை அவருக்கு நன்றாகவே தெரியும்.

முழுப் பெருமையையும் ஓவியருக்கே கொடுப்பதுதான் பெரிய தவறு. செர்ரி மரப் பலகையைச் செதுக்கியவர் ஒருவர், காகிதத்தில் அச்சடித்தவர் வேறொருவர், முதல் போட்டவர் பதிப்பாளர் உவோயா எய்கிச்சி. வானத்தில் நிறம் அடர்த்தியாகத் தொடங்கி மெல்லக் கரைகிறதே, அது அச்சடித்தவர் ஒவ்வொரு தாளுக்கும் பலகையில் சாயத்தைக் கையால் துடைத்துக் கொண்டுவந்தது. அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் அச்சு அசலாக ஒத்துப்போகாது. ‘ஒரிஜினல் எது?’ என்று கேட்பதைவிட, முதலில் அடித்ததா, பலகை தேய்ந்தபின் அடித்ததா என்று கேளுங்கள். தேய்ந்த பலகையில் மெல்லிய கோடுகள் அங்கங்கே அறுந்திருக்கும்.

வாங்குகிறவர்கள் ஏமாறுவது தாளிலேயே அச்சாகியிருக்கும் தேதி முத்திரையில். அது தணிக்கையில் படம் அனுமதி பெற்ற மாதத்தைச் சொல்லுமே தவிர, கையில் இருக்கும் தாள் அச்சான நாளை அல்ல. பிற்காலத்தில் புதிதாகச் செதுக்கியவர்கள் அந்த முத்திரையையும் சேர்த்தே செதுக்கினார்கள். சரி, வேறெப்படிச் சோதிப்பது? பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் இயந்திர அச்சு. கையால் தேய்த்து அச்சடித்ததில் சாயம் தாளுக்குள் இறங்கிப் பின்பக்கமும் கொஞ்சம் தெரியும். ஆனால் பின்பக்கம் தெரிவதால் மட்டும் பழையது ஆகிவிடாது, புதிதாகச் செதுக்கிய மறுபதிப்பும் கையச்சாக இருக்கலாம்.

அப்புறம், வாங்கியதை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். செடிகளிலிருந்து எடுத்த சாயங்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பின்னால் செலோடேப் ஒட்டவே வேண்டாம், கறை போகாது.