ரேமில் இருக்கும் டேட்டாவையும் பூட்டலாம்: முதல் கான்ஃபிடென்ஷியல் விஎம், படிப்படியாக

தேக்கா பக்கம் சின்ன நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு பார்க்கும் தெரிந்த அக்கா ஒருவர் கேட்டார்: "தம்பி, டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணியாச்சு, எச்டிடிபிஎஸ்ஸும் போட்டாச்சு, இன்னும் என்ன பயம்?" டிஸ்க்கில் தூங்கும்போதும் நெட்வொர்க்கில் போகும்போதும் டேட்டா பத்திரம்தான். ஆனால் கணக்குப் போட வேண்டுமென்றால் பூட்டைத் திறந்து ரேமில் கொட்டித்தானே ஆகவேண்டும்? அங்கே ஊழியர்களின் ஃபின் எண் (சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியருக்கான அடையாள எண்), சம்பளம் எல்லாம் பச்சையாகக் கிடக்கும். விஎம் என்பது கிளவுடில் வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் கம்ப்யூட்டர்; அதன் ரேமையும் பூட்டி வைப்பதுதான் கான்ஃபிடென்ஷியல் விஎம்.

நம்பிக்கை வரவில்லையா, முதலில் இதைச் செய்து பாருங்கள். லினக்ஸில் ஜிடிபி (புரோகிராம்களைத் துருவிப் பார்க்கும் டூல்) இன்ஸ்டால் செய்துவிட்டு, பைத்தானைத் திறந்து ஒரு வேரியபிளில் 'கத்தரிக்காய்' என்று ஆங்கில எழுத்தில் போட்டு வையுங்கள் (அடுத்து வரும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது). இன்னொரு விண்டோவில் பிஎஸ் கட்டளையால் அந்தப் பைத்தானின் ப்ராசஸ் எண்ணைக் கண்டுபிடித்து, ஜிடிபியோடு வரும் ஜிகோர் கட்டளையைச் சூடோவோடு ஓட்டினால் மெமரி முழுவதும் ஒரு ஃபைலாக வந்துவிடும். அதிலுள்ள எழுத்துகளை மட்டும் பொறுக்கும் ஸ்ட்ரிங்ஸ் வழியாக விட்டு, கிரெப் கட்டளையால் தேடினால் கத்தரிக்காய் பல்லைக் காட்டும். கிளவுடில் ஹைப்பர்வைசரை (விஎம்களை ஓட்டும் மென்பொருளை) கையில் வைத்திருப்பவர் நினைத்தால் உங்கள் விஎம் மொத்தத்தையும் இப்படி உருவ முடியும்.

சரி, விஎம் செய்வோம். கூகுள் கிளவுடில் ஏசியா-சவுத்ஈஸ்ட்1 நம்ம சிங்கப்பூர்தான், அதையே எடுங்கள். மெஷின் என்2டி, சிபியு ஏஎம்டி மிலன், இமேஜ் உபுண்டு 24.04. செக்யூரிட்டி பகுதியில் கான்ஃபிடென்ஷியல் விஎம் சேவையை ஆன் செய்து எஸ்இவி-எஸ்என்பி (விஎம்மின் ரேமைப் பூட்டும் ஏஎம்டி தொழில்நுட்பம்) தேர்ந்தெடுங்கள். உருவாக்கும்போதே செய்துவிட வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மில் பிறகு போய் ஆன் செய்ய முடியாது. இன்னொன்று, இதற்கு லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு மெஷினுக்கு மாற்றுவது) கிடையாது. பராமரிப்பு வந்தால் விஎம் நின்றுவிடும், சம்பள நாளில் அது நடந்தாலும் தாங்கும்படி புரோகிராமை எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்து டிமெஸ்ஜி கட்டளையால் லினக்ஸ் கெர்னலின் செய்திகளைப் பாருங்கள், 'மெமரி என்கிரிப்ஷன்' என்ற வரியில் எஸ்இவி-எஸ்என்பி இருந்தால் வேலை செய்கிறது.

இங்கேதான் நான் அரைநாள் வீணாக்கினேன். விஎம்முக்குள்ளேயே அதே ஜிகோர் சோதனையைச் செய்தேன், கத்தரிக்காய் மறுபடியும் பளிச்சென்று வந்தது! எல்லாம் ஏமாற்று வேலை என்று நினைத்துவிட்டேன். தப்பு என்மேல்தான். என்கிரிப்ஷன் நடப்பது சிப்பின் மெமரி கன்ட்ரோலரில், சாவி இருப்பது ஏஎம்டியின் தனிச் செக்யூர் பிராசசரில். டேட்டா சிப்பை விட்டு ரேமுக்குப் போகும்போது பூட்டப்படும், திரும்ப வரும்போது திறக்கும். அதனால் உள்ளே இருப்பவருக்கு எல்லாம் தெரியும், வெளியே ஹோஸ்டிலிருந்து (விஎம்மை ஓட்டும் நிஜ மெஷினிலிருந்து) பார்ப்பவருக்குக் குப்பைதான் தெரியும். உங்கள் புரோகிராமில் ஓட்டை இருந்தால் இது காப்பாற்றாது.

அடுத்ததுதான் முக்கியமான படி, நிறைய பேர் விட்டுவிடுவதும் இதைத்தான்: அட்டெஸ்டேஷன், அதாவது இது நிஜமான பூட்டிய விஎம்தான் என்று சிப்பிடமே அத்தாட்சி வாங்குவது. டிமெஸ்ஜி சொல்வதை நம்பினால் போதாது, போலி விஎம்மும் அதே வரியைக் காட்டலாம் இல்லையா? எஸ்என்பிகெஸ்ட் என்ற டூலைப் போட்டு சிப்பிடமிருந்தே ஒரு ரிப்போர்ட் வாங்குங்கள். கேட்கும்போது 64 பைட் ரேண்டம் எண் ஒன்றைக் கொடுத்தால், அது ரிப்போர்ட்டில் அப்படியே திரும்பி வரும், பழைய ரிப்போர்ட்டை யாரும் ஒட்ட முடியாது. அப்புறம் ஏஎம்டியின் சான்றிதழ்களை இறக்கி ரிப்போர்ட்டின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபாருங்கள், இதை விஎம்முக்கு வெளியே, உங்கள் லேப்டாப்பில் செய்யுங்கள். டீபக் அனுமதி (ஹோஸ்டை விஎம்மின் மெமரியைப் படிக்க விடுவது) ஆஃப் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால்தான் சம்பள ஃபைலைத் திறக்கும் சாவியை அந்த விஎம்முக்கு அனுப்ப வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ள மெஷர்மென்ட் (விஎம்மில் ஏற்றியதன் கைரேகை போன்ற எண்) தொடக்க ஃபர்ம்வேருக்கு மட்டுமே, உங்கள் பைத்தான் கோடுக்கு அது சாட்சி சொல்லாது.

இதையும் உடைத்தவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் வெளிவந்த பேட்ரேம் தாக்குதல், மெமரி மாட்யூலைத் தன் அளவைப் பற்றிப் பொய் சொல்ல வைத்து எஸ்என்பியை ஏமாற்றியது. அதற்கு ஏஎம்டி ஃபர்ம்வேர் திருத்தம் கொடுத்தது. ரிப்போர்ட்டில் உள்ள டிசிபி பதிப்பு எண் (சிப்பின் ஃபர்ம்வேர் எந்தப் பதிப்பு என்று காட்டுவது) பழையதாக இருந்தால் சாவி கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பார்த்து முடித்ததும் விஎம்மை டெலீட் செய்யுங்கள். நிறுத்தி மட்டும் வைத்தால் டிஸ்க்குக்கு வெள்ளி ஓடிக்கொண்டே இருக்கும்.