கொலுசில் தெரிந்த சிவப்புச் சட்டை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு ஒரு வெள்ளிக் கடை, சிவதாபுரத்தில் பட்டறை. சில வருடங்களுக்கு முன், கடைக்கு விளம்பரப் படம் எடுக்க ஒரு நிறுவனத்தைப் பிடித்தோம். தங்கள் பழைய வேலைகளைத் தொகுத்து அவர்கள் காட்டிய ஷோரீலில் மேட்டூர் அணைக்கு மேலே ட்ரோன் பறந்தது, கல்யாணப் பெண் ஸ்லோமோஷனில் திரும்பிச் சிரித்தாள். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.

படம் வந்ததும் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தோம். அம்மாதான் முதலில் கேட்டார்: "ஏன்டா, இந்தக் கொலுசு முத்துல என்னமோ செவப்பா தெரியுதே?" நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தால், கேமராமேன் அன்று போட்டிருந்த சட்டை. பக்கத்திலேயே கோடு போட்டதுபோல எங்கள் பட்டறையின் 2 ட்யூப்லைட்டுகள். ஒரு கொலுசில் எத்தனை முத்து உண்டோ, அத்தனையிலும் அந்தச் சட்டை.

மெருகு போட்ட வெள்ளி கண்ணாடி மாதிரி, எதிரில் எது இருந்தாலும் காட்டிவிடும். அதைப் படமெடுக்கத் தெரிந்தவர்கள் சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி, அந்தத் துணி வழியாக வெளிச்சத்தை விடுவார்கள். ஓரம் எடுப்பாகத் தெரிவதற்குக் கறுப்பு அட்டையைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். கல்யாணம் எடுப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. அவர் தொழிலில் அவர் கெட்டிக்காரர்தான். அவருடைய ஷோரீலில் எங்கள் சரக்கு மாதிரி ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்காதது எங்கள் தப்பு.

ஷோரீல் என்பது பல வேலைகளிலிருந்து பொறுக்கி எடுத்த 2 நிமிடம். உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் வருகிற ஒரு வேலையை முழுசாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஜவ்வரிசி ஆலைக்காரர் என்றால், உச்சி வெயிலில் சிமெண்ட் களத்தில் காயும் வெள்ளை மாவை வெளுத்துப்போகாமல் எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். காலையிலேயே வந்துவிடுகிறோம் என்றால் விஷயம் தெரிந்தவர். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் யோசியுங்கள். வெளுத்துப்போன இடத்தில் எடிட்டிங்கில் மீட்க ஒன்றும் இருக்காது.

எங்கள் படத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. கொலுசு வாங்க வருபவர்கள் கையில் எடுத்ததும் ஒரு குலுக்குக் குலுக்கிக் காதில் கேட்டுப் பார்ப்பார்கள். பாதி வியாபாரம் அந்தச் சத்தத்தில்தான். எங்கள் படத்தில் அந்தச் சத்தமே இல்லை, முழுக்க ஏதோ வயலின். கேட்டால், மைக் கொண்டுவரவில்லையாம். கேமராவின் விலையைச் சொல்லிப் பெருமைப்படுபவரிடம், மைக் யார் பார்த்துக்கொள்வார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நேரில் யார் வருவார்கள் என்பது. நம் ஊரில் வீடியோ எடுப்பவர்கள் பலருக்குக் கல்யாணம்தான் சோறு போடுகிறது. வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த நாளில் தேதி கொடுத்தால், உங்களிடம் பேசியவர் மண்டபத்தில் இருப்பார், உங்களிடம் உதவியாளர் வந்து நிற்பார். காலண்டரைப் பார்த்துத் தேதி வையுங்கள், வருபவர் பெயரையும் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள்.

'ஒரு வீடியோ, மொத்தம் இவ்வளவு' என்று ஒற்றை வரியில் வரும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடலாம். எத்தனை நாள் ஷூட், எத்தனை முறை கரெக்‌ஷன், குரல் கொடுப்பவர் சம்பளம் யாருடையது, 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா எல்லாம் அதில் இருக்க வேண்டும். ரீல்ஸுக்கு நெட்டுவாக்கில் வேண்டும் என்பதையும் ஷூட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அகலமாக எடுத்ததை நெட்டுவாக்கில் வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 2 கால்களில் ஒன்றுதான் இருக்கும்.

ரா ஃபூட்டேஜ், அதாவது வெட்டி ஒட்டாத முழுப் பதிவு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமையாளர் நீங்கள்தான், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும். ஆனால் எடுத்ததெல்லாம் அவர்களுடைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். தீபாவளிக்குப் புதிதாக ஒன்று வெட்டலாம் என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால், அழித்துவிட்டோம் என்பார்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் நாளிலேயே டிஸ்க்கில் வாங்கிக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டு வைத்தால் ஓடும் என்று ஆசை காட்டினாலும் வேண்டாம். இசை நிறுவனம் உரிமை கோரினால் சத்தம் போய்விடும், அல்லது வீடியோவே போய்விடும்.

ஏற்காட்டில் விடுதியோ எஸ்டேட்டோ வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது ட்ரோன். 2021 ட்ரோன் விதிகளின்படி, தொழிலுக்காக 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனை ஓட்டுபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். காமலாபுரம் விமான நிலையத்தின் பக்கம் என்றால் அனுமதி விவகாரம் தனி. மலையில் ட்ரோனைவிடப் பெரிய சிக்கல் தேதி. கோடையின் முதல் மழைக்குப் பிறகு காபி பூக்கும், சில நாளில் வாடிவிடும். பூ வேண்டும் என்றால், ஒரு வாரம் முன்னே பின்னே நகரத் தயாராக இருப்பவரைப் பிடிக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, பனி மூடிவிட்டது என்று திரும்பினால் அந்த நாள் கூலி யார் கணக்கு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

சென்னைக் கம்பெனி என்றால்தான் நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. சரி, போங்கள். ரயில், அறை, சாப்பாடு எல்லாம் உங்கள் பில்லில்தான் ஏறும். 1935-இல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவைத் தொடங்கிய ஊர் இது. அதன் நுழைவாயில் வளைவு இன்னும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. படம் எடுப்பது நம் ஊருக்குப் புதுசு இல்லை.

இரண்டாவது முறை நாங்கள் பிடித்தவர் சேலத்துப் பையன்தான். முதல் நாள் கேமராவே கொண்டுவராமல் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தார். ஷூட் அன்று ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்லி, தானும் உதவியாளரும் தலை முதல் கால் வரை கறுப்பில் வந்து நின்றார்கள். நல்ல காரியத்துக்கு இப்படியா வருவது என்று அம்மா மதியம் வரை அவர்களிடம் பேசவே இல்லை.