கான்டனீஸில் ‘விழப் பார்த்தேன்’: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“விழப் பார்த்தேன்” என்றால் விழவில்லை என்று நமக்குத் தெரியும். ஆனால் கான்டனீஸ் என்ற சீன மொழியைப் பேசும்போது இந்தப் ‘பார்’ உதவாது. ஹாங்காங்கில் அதற்குச் சொல்வது ‘ச்சா டி’. ‘ச்சா’ குறைவு, ‘டி’ கொஞ்சம். இரண்டு அசையையும் உயர்ந்த குரலில் இறக்காமல் சொல்லி, வினைக்கு முன்னால் வைக்க வேண்டும். ‘ச்சா டி டிட் ச்சன்’: விழப் பார்த்தேன்.

இந்த இடத்தில் ‘ச்சா ம் டோ’ போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அகராதியில் இரண்டுக்கும் ‘கிட்டத்தட்ட’ என்றே பொருள் இருக்கும், அதை நம்பாதீர்கள். ‘ச்சா ம் டோ பாட் டிம்’ என்றால் மணி எட்டு ஆகப்போகிறது. ‘ச்சா ம் டோ டோவ் லா’ என்றால் இதோ வந்துவிடுவோம். நடக்க இருப்பதை நெருங்கும் சொல் அது. நடக்காமல் போனதற்கு ‘ச்சா டி’தான்.

அடுத்தது எதிர்மறை. படகுத்துறைக்கு ஓடிய நண்பர் ‘ச்சா டி கோன் ம் டோவ்’ என்கிறார். நடுவில் இல்லை எனப் பொருள்படும் ‘ம்’ வருகிறதே, படகை விட்டுவிட்டாரோ என்று பரிதாபப்படாதீர்கள். ஏறிவிட்டார். ‘ச்சா டி’க்குப் பின்னால் வருவது நடக்கவில்லை, பிடிக்க முடியாமல் போவதுதான் நடக்கவில்லை. ‘ச்சா டி ஜவ் கோன் டோவ்’ என்றால்தான் படகு போய்விட்டது. சீனாவின் பொதுமொழியான மாண்டரின் படித்துவிட்டு வருபவர்கள் இங்கே கூடுதலாகக் குழம்புவார்கள். அதில் ‘விழப் பார்த்தேன்’ என்பதை இல்லை என்ற சொல் சேர்த்தும் சொல்லலாம், சேர்க்காமலும் சொல்லலாம். இரண்டிலும் ஆள் விழவில்லை. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராமல், வேண்டாத ‘இல்லை’யை விட்டுவிடுங்கள்.

காசு குறைந்தால் ‘ஜாங்’. கடைக்காரர் ‘ஜுங் ஜாங் ஸாம் மன்’ என்றால் இன்னும் 3 டாலர் குறைகிறது, அவ்வளவே. கடனுக்கும் இதே சொல்தான்: ‘ஙோ ஜாங் நேய் ஸப் மன்’, உனக்கு 10 டாலர் தரவேண்டும். சொல்லுக்குப் பின்னால் ஆள் வந்தால் கடன், தொகை மட்டும் வந்தால் பற்றாக்குறை என்று வைத்துக்கொண்டால் கடையில் பதற வேண்டியிருக்காது. ‘ச்சா டி’க்குப் பதிலாக ‘ஜாங் டி’ என்பதும் பேச்சில் சாதாரணம்.

நாம் மயிரிழையில் தப்புகிறோம். அவர்களிடம் இருப்பது சவரக்கத்தி. ‘ஹிம் குவோ தய் தௌ’, தலை மழிப்பதைவிட ஆபத்து. எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது. ஆனால் 3 டாலர் குறைந்ததற்கெல்லாம் சொல்லக் கூடாது. லாரி உரசிக்கொண்டு போன அன்று சொல்லுங்கள்.