பொலிகுதிரையைக் குறை சொல்லும் முன்

பெட்டைக் குதிரைக்குச் சினை பிடிக்கவில்லை என்றதும் ‘பொலிகுதிரைக்கு (இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண் குதிரைக்கு) வீரியம் போய்விட்டது’ என்று தீர்ப்பளிப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. சோதனைக்கு எடுத்த விந்து செத்துக் கிடந்தால், எடுத்தவர் கையிலேயே அது செத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஆகவே முதல் வேலை வெப்பம். சேகரிக்கும் பாட்டில், வடிகட்டி, ஸ்லைடு, விந்தை நீர்க்கச் செய்யக் கலக்கப்போகும் பால் கரைசல் என விந்து தொடும் எல்லாமே 37 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். சட்டெனக் குளிர்பட்ட விந்தணு முன்னே போகாமல் வட்டமடிக்கும், பின்னோக்கியும் நீந்தும். அதைப் பார்த்துவிட்டு விலங்கைப் பழிப்பது அநியாயம். பாட்டிலில் தங்கிய தண்ணீரும் சோப்பும் விந்தணுவைக் கொன்றுவிடும். வெயிலும் ஆகாது. எடுத்தவுடன் கூழ்ப்பகுதியை வடிகட்டி நீக்குங்கள்.

அசைவைக் கணிக்க, விந்தை மில்லிலிட்டருக்கு சுமார் 2.5 கோடி விந்தணு வரும்படி நீர்க்கச் செய்யுங்கள். நீர்க்காத விந்தில் நெரிசல் மட்டுமே தெரியும். எத்தனை துடிக்கின்றன என்பது எனக்குப் பெரிதில்லை. எத்தனை முன்னேறிச் செல்கின்றன என்றுதான் பார்ப்பேன்.

நெடுநாள் ஓய்விலிருந்த குதிரையிடம் முதலில் எடுத்ததை நம்பவே வேண்டாம். சில குதிரைகளுக்குப் பழைய விந்தணுக்கள் நாளத்தில் தேங்கிவிடும்: எண்ணிக்கை மலைக்க வைக்கும், அசைவோ இருக்காது, தலை வேறு வால் வேறாகக் கிடக்கும். ஒரு வாரம் தினமும் எடுத்துத் தேக்கத்தை வெளியேற்றுங்கள். பிறகு ஒரு மணி நேர இடைவெளியில் இருமுறை எடுங்கள். இரண்டாவதில் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகும். அப்போதும் முன்னேறிச் செல்லும், வடிவம் சீரான விந்தணுக்கள் 100 கோடி இருந்தால் நல்ல பொலிகுதிரை என்பது வழக்கமான அளவுகோல்.

எண்ணிக்கை குறைந்தால் நாட்குறிப்பைப் புரட்டுங்கள். குதிரையின் விரையில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 57 நாட்கள். வெளியேறத் தயாராவதற்கு மேலும் ஒரு வாரம். போன மாதத்துக் காய்ச்சலும் விரைப்பை வீக்கமும் இன்றைய துளியில் தெரியும். குதிரைக்கு என்னென்ன ஊசி போட்டார்கள் என்றும் கேளுங்கள். வீரியம் கூட்ட என்று ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனோ, தசை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டோ போடுவது கொடுமை: வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விரைக்கு அனுப்பும் தூண்டுதலைக் குறைக்கிறது, விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி சரியும். தயவுசெய்து நிறுத்துங்கள்.

காய்ச்சலோ ஊசியோ இருந்திருந்தால், குறைந்தது இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். அதற்குள் பெட்டையின் கருப்பையையும், கருமுட்டை வெளிவந்த நேரத்துக்கும் விந்து செலுத்திய நேரத்துக்கும் இருந்த இடைவெளியையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள்.